தருமசேனர் பள்ளி நீங்கிய இரவு

சிவமயம்

திருநாவுக்கரசு நாயனார் புராணம் 429 செய்யுட்களால் இயன்றது. அதனை ஓதுவார் பலரும், நாயனார் திருவதிகை வீரட்டானத்துத் திருமுன்பு நின்று கொல்லிப் பண்ணிலே முதற்பதிகம் பாடியருளிய இடத்தில் நெஞ்சுருகி நிற்பர். பின்னர் நீற்றறையும் நஞ்சும் களிறும் கல்லும் வருமிடங்களை வியந்து பேசுவர். இவற்றிற்கெல்லாம் முன்னதாக, தருமசேனர் என்னும் சமண ஆசாரியர் தம் பள்ளியை விட்டு இரவிற் புறப்பட்ட செய்தியைச் சேக்கிழார் சுவாமிகள் ஒருசில செய்யுட்களிற் சொல்லிச் செல்கின்றார். அச்செய்யுட்களை நாம் விரைந்து படித்துக் கடந்து விடுகின்றோம். அவற்றின்கண் சிறிது நின்று நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு ஏதுவாயின இரண்டு வினாக்கள். நெய்வேலி நகரியத்திலே நிகழ்ந்த பெரியபுராண வாசிப்பொன்றில், நாயனார் சூலைநோய் தீர்ந்த பகுதி முடிந்தவுடன் இளைஞரொருவர் எழுந்து, “வயிற்றுவலி தீராமையாற் சமயம் மாறினார் என்பதன்றோ இவ்வரலாறு? பள்ளியிற் செய்த மருந்து பலித்திருக்குமாயின் அவர் தருமசேனராகவே இருந்து கழிந்திருப்பார். நோயால் வந்த பத்தியைப் பத்தியென்பது எங்ஙனம்?” என்று வினாவினார். அவையிலிருந்தார் சிலர் அவரைச் சினந்து அமர்த்தினர். அவ்வாறு அமர்த்தியது எமக்கு உடன்பாடன்று; வினா நல்ல வினாவே. கூட்டம் கலைந்தபின் முதியவரொருவர் தனியே வந்தார். 1956-இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சூழ்ந்தெழுந்த அந்நகரியத்து மக்களிற் பெரும்பாலார் தத்தம் ஊரையும் குலதெய்வத்தையும் விட்டு வந்து குடியேறியோர், இவரும் அத்தகையர். தம் மகன் தீக்கையும் நீறும் பூசையும் விட்டொழித்து, வீட்டிற்கு வருதலையும் விட்டனன் என்று கூறி, “யான் செய்யத்தக்கது யாது?” என்றார். அன்று இருவர்க்கும் யாம் தக்க விடை கூறினேமல்லேம். இளைஞர் வினவியது ஒரு சமயக் கூட்டத்தை விட்டு நீங்கினாரைப் பற்றியது. முதியவர் வினவியது நம் கூட்டத்தை விட்டு நீங்கினாரைப் பற்றியது. இரண்டும் ஒரே புராணத்தின் ஒரே பகுதியில் வந்து கூடுகின்றன என்பது பின்னரே புலனாயிற்று.

முதற்கண் இளைஞர் கூற்றை ஆராய்வாம். ‘நோயொன்றே காரணம்’ என்னும் இக்குற்றச்சாட்டு இக்காலத்தார் புதிதாகக் கண்டது போலத் தோன்றும். அற்றன்று. இதற்கு நேர்மாறான குற்றச்சாட்டொன்றைச் சேக்கிழார் தாமே பதிந்து வைத்துள்ளார். தருமசேனர் நீங்கிச் சைவராயினமை அறிந்த பாடலிபுத்திரத்துச் சமணர், அரசன் இதனை உள்ளவாறு உணரின் தானும் அவ்வழிச் சென்று நமது வாழ்வைத் தொலைப்பான் என அஞ்சி, வேறொரு கதை புனைந்து கொண்டு பல்லவன்பாற் சென்றனராம். அவர் கூறியது: தமக்கை சைவத்தில் நிற்றலின், தருமசேனர் சூலைநோய் என்று பொய்யாக ஒன்றை வகுத்துக்கொண்டு, அது தீரவில்லையெனக் காட்டி அங்கே போயினார், நம் சமயத்தைக் கடந்தார், தெய்வ நிந்தனையும் செய்தார் என்பது. இன்றை இளைஞர், நோயையன்றிப் பிறிதொன்றும் இல்லை என்கின்றார். அன்றைச் சமணரோ, நோயே இல்லை, தமக்கையே காரணம் என்கின்றனர். ஒன்றையொன்று அழிக்கும் இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒத்திருத்தல் காண்க: நீங்கினவர் உள்ளத்தே மெய்யாக ஒன்று நிகழ்ந்தது என்பதை இரண்டும் ஒப்புக்கொள்ளா. இறுகிய கட்டுப்பாடுடைய சமயக் கூட்டம் எதுவாயினும், தன்னை விட்டுப் போயினாரை இவ்விரண்டில் ஒன்றாலன்றி விளக்க அறியாது. ஒன்று அவர் வலியாற் போயினார், அன்றி உறவாற் போயினார். சமணரை மாத்திரம் நோக்கி இதனைச் சொல்கின்றேமல்லேம். நம்மிற் பிரிந்தாரைப் பற்றி நாம் பேசுவனவற்றை நினைத்துப் பார்ப்பார்க்கு இது விளங்கும்.

இனி, நீங்கியமையை அறிதற்குப் புகுந்தமையை அறிதல் வேண்டும். திருவாமூரிலே வேளாளர் குலத்துப் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மருணீக்கியார், இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயும் உடன் சென்றார். தமக்கையார் திலகவதியாரை மணஞ்செய்வதற்குப் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்திற் பட்டார். அது கேட்ட திலகவதியார் தாமும் உயிர் விடத் துணிந்து எழுந்தபோது, மருணீக்கியார் அவர் அடிகளிலே விழுந்து, தாயும் தந்தையும் போயின பின்னும் உம்மை வணங்கப் பெறுதலினாலேயே உயிர் வைத்திருந்தேன், என்னைத் தனியே கைவிட்டுப் போவீராயின் உமக்கு முன்னே யான் இறப்பேன் என்று அழுதார். தம்பி உளராதல் வேண்டுமென்பதற்காகவே அவ்வம்மையார் உயிர் தாங்கி மனையிலிருந்து தவம் புரிந்தார். இவ்விடத்திலே ‘கைவிடுதல்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேம்.

சாவையே கண்டு வளர்ந்த ஒருவர்க்கு நிலையாமை ஏட்டில் எழுதிய பொருளன்று. மருணீக்கியார் தம் பொருளைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். நிலையாத உலக வாழ்வை வெறுத்துச் சமயங்களின் நெறிகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியிலே சமண நெறியைச் சார்ந்தார். சேக்கிழார், நம்பர் அருளாமையினால் அவ்வாறு நேர்ந்ததென்பர். எனினும் மருணீக்கியாரை அறிவிலி என்றாவது, பொருளாசையாற் போனவர் என்றாவது கூறினாரல்லர். கொல்லாமையும் தவமும் நிலையாமையும் பேசும் சமயம், கண்முன்னே குடும்பம் முழுதும் அழியக் கண்ட இளைஞரை ஈர்த்தமையில் வியப்பென்னை? அவர் சென்று சேர்ந்த இடமும் எளியதன்று. பாடலி என்னும் அந்நகர், இன்றைத் திருப்பாதிரிப்புலியூர், நெடுங்காலமாகச் சமணக் கல்விக்கு இருப்பிடமாயிருந்தது. காஞ்சியில் ஆண்ட சிம்மவர்மனது 22-ஆம் ஆட்சியாண்டில், சகம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், சர்வநந்தி என்னும் முனிவர் உலக அமைப்பைக் கூறும் நூலை அங்கே எழுதி முடித்தனர் என்பது, அதன் வழிநூலாகிய வடமொழி லோகவிபாகத்தால் அறியப்படும். நாயனார் காலத்திற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகட்கு முந்தைய செய்தி இது. அத்தகைய பள்ளியில் மருணீக்கியார் கலைகள் பலவும் கற்று, தருமசேனர் என்னும் பெயர் பெற்று, புத்தரை வாதில் வென்று தலைமையுற்றார். ஆகலின் அவர் அங்கே இருந்த காலம் ஏதோ ஒரு மயக்கத்தில் கழிந்த சில நாட்களல்ல. கற்றும் கற்பித்தும் வாதிட்டும் வாழ்ந்த வாழ்வு என்க. நாயனாரைப் புகழப் புகுந்து, ‘அவர் என்றும் உள்ளத்தாற் சைவரே’ என்று கூறி இவ்வாண்டுகளை இல்லையாக்குவார், இளைஞர்க்கு விடையிறுப்பதாக எண்ணிப் புராணத்தையே இழக்கின்றனர்.

இதற்கிடையே திலகவதியாரோ எவரும் இல்லாதவரானார். தாம் எவர்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவரே தம்மை விட்டுப் போயினார். அவர் செய்தது யாது? கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் திருவலகிட்டுத் திருமெழுக்கிட்டு மலர்த்தொடை சாத்தும் பணியில் நின்றார். தம்பியைப் பரசமயக் குழியினின்றும் எடுத்தாளுமாறு பெருமானிடம் பலகாலும் விண்ணப்பித்தார். பள்ளிக்குச் சென்று வாதிட்டாரென்றாவது, ஆள் விட்டு அழைத்தாரென்றாவது புராணத்தில் இல்லை. பெருமான் கனவிற் றோன்றி, நின் உடன்பிறந்தான் முன்னமே முனியாய் எம்மை அடையத் தவம் முயன்றவன், இனி அவனைச் சூலை கொடுத்து ஆள்வோம் என்று அருளினார்.

இங்கே சேக்கிழார் கதை நடத்தும் முறையை உற்று நோக்குதல் வேண்டும். சூலை இறைவன் தந்தது என்பது திலகவதியார்க்குத் தெரியும். நூலைக் கற்கும் நமக்கும் தெரியும். தருமசேனர்க்குத் தெரியாது. மறக்கருணை என்று நாம் எளிதிற் பெயரிட்டு விடுகின்ற ஒன்று, அதனை அநுபவிக்கின்றவர்க்கு வெறும் வலியே. ஆகவே அவர் பக்கத்தினின்று நோக்கின், அவர் பள்ளியை நீங்கியது இறைவன் அழைத்தானென்று அறிந்தன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையினாலேயே எதிர்ப்பாரும் ஏத்துவாரும் ஒருங்கே வழுவினர்.

சூலை பற்றியது. சமணர் கூடித் தாம் கற்ற மந்திரங்களை ஓதினர். குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர். மயிற்பீலி கொண்டு தடவினர். வலி மிகுந்ததன்றிக் குறைந்திலது. யாம் செய்தற்கு இனி ஒன்றும் இல்லையென்று அவர் அகன்றனர். அப்போது தருமசேனர் தமக்கு உணவு சமைப்பவனை அழைத்துத் தமக்கையாரிடம் அனுப்புகின்றார். அவன் திருவதிகைக்குச் சென்று நந்தவனத்தருகே அம்மையாரைக் கண்டு சொன்ன சொற்களிலே மூன்று செய்திகள் உள்ளன. சூலை கொல்லாமலும் தீராமலும் குடரை முடக்குகின்றது என்பது ஒன்று. எல்லாரும் கைவிட்டார் என்பது ஒன்று. தாம் பிழைக்கும் வழியைக் கேட்டுக்கொண்டு இருள் வந்தபின் திரும்புமாறு தம்மிடம் சொல்லி விடுத்தார் என்பது ஒன்று. ‘கைவிடுதல்’ என்ற சொல் மீண்டும் வந்தமை காண்க. அன்று தமக்கையை நோக்கிக் கைவிடாதீர் என்று அழுதவர், இடையே தாம் அவரைக் கைவிட்டுச் சென்றவர், இப்போது தம்மை எல்லாரும் கைவிட்டார் என்று அவர்க்கே சொல்லி அனுப்புகின்றார். சேக்கிழார் சொற்களைத் தற்செயலாக இடுபவரல்லர்.

இருட்டின பின் திரும்புக என்றதும் நோக்கத்தக்கது. தலைமையில் இருப்பவர் சமைப்பவனைத் தூது விடுகின்றார், அதுவும் ஒளித்து. நம்பிக்கை தளர்ந்தவர்க்குத் தம் கூட்டத்தில் மனம்விட்டுப் பேசத்தக்க ஒருவரும் இல்லாமையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. அவர் விட்ட தூது திருக்கோயிலுக்கன்று என்பதையும் அறிக. சிவபெருமானைப் பற்றி அத்தூதில் ஒரு சொல்லும் இல்லை.

திலகவதியார் விடை கடுமையானது. நன்மையறியாத அமண்பாழிக்கு யான் உன்னுடன் வந்து சேரேன். இதனை அவனுக்குச் சொல் என்றார். இவ்விடத்தைப் படிக்குந்தோறும் எமக்கு ஒரு தடை தோன்றியதுண்டு. வலியால் துடிக்கும் தம்பியைக் காணச் செல்லாத தமக்கை எத்தகையர்? ஆயினும் அவர் சொன்னதிலே சொல்லாதது ஒன்றுண்டு. ‘நீ வாராதே’ என்று சொன்னாரல்லர். தாம் நிற்கும் இடத்தினின்று அசையமாட்டேன் என்றார்; அவ்விடத்தை அடைக்கவுமில்லை. சென்றிருந்தால் என்னாயிருக்கும்? பள்ளியிலே, சமணர் நடுவே, அவர்தம் காவலில் இருவரும் சந்தித்திருப்பர். தருமசேனர் படுக்கையிற் கிடந்தவாறே ஆறுதல் பெற்றிருப்பர், எழுந்திருக்கமாட்டார்.

தூதன் இரவில் மீண்டு வந்து சொன்னான். கேட்ட தருமசேனர் சோர்ந்தார்; இதற்கு இனி யான் என் செய்வேன் என்றார். புராணம் முழுவதிலும் அவர் ஒன்றையும் பற்றாது நிற்கும் கணம் இஃதொன்றே. பள்ளி கைவிட்டது, தமக்கை வரமாட்டேன் என்றார், வேறு தெய்வம் ஒன்று அவர் நினைவில் இன்னும் எழவில்லை. ஈசர் அருள் கூடியது என்று சேக்கிழார் நமக்குச் சொல்கின்றார். ஆனால் அவ்வருளால் அவர்க்கு எழுந்த துணிவு யாது? சிவனைச் சார்வேன் என்பதன்று. தமக்குப் பொருந்தாத இச்சமயத்தில் நீங்காத இத்துயர் நீங்கத் திலகவதியார் தாளைச் சேர்வேன் என்பதே. இதுவே எம் கருத்துக்கு அடிப்படையாதலின் மீண்டும் சொல்கின்றேம்: சமணம் விட்டதற்கும் சைவம் பற்றியதற்கும் இடையே அவர் பற்றியது ஒரு சமயத்தையன்று, ஒருவரை. இளைஞர் வினாவிற்கு விடை இங்கேதான் உளது. வலி பள்ளியின் மீதிருந்த நம்பிக்கையை முறித்தது, மெய். ஆனால் முறிந்த நம்பிக்கை தானே மற்றொரு நம்பிக்கை ஆகிவிடாது. வலியே காரணமாயின், அவர் மற்றொரு மருத்துவனைத் தேடியிருத்தல் வேண்டும். புத்தர் பள்ளியையேனும் நாடியிருத்தல் வேண்டும். பிழைக்கும் வழியைக் கேட்டு வா என்று அவர் விடுத்தது தாம் முன்னொருகால் அடியில் விழுந்த ஒருவரிடத்தே.

துணிவு பிறந்த அளவிலே சோர்வு ஒதுங்கியது. உடுத்த பாயையும், உறியில் தூங்கும் குண்டிகையையும், பீலியையும் விட்டொழித்தார். வெண்புடைவை சூழ்ந்துகொண்டார். நடக்கமாட்டாமையின் கைகொடுப்பாரை ஊன்றிக்கொண்டு, எவரும் காணாதபடி இரவிலே திருவதிகை நோக்கிச் சென்றார். பாயும் பீலியும் குண்டிகையும் சமண வேடத்தின் அடையாளங்கள். ஒவ்வொன்றாக ஒழிய என்று எண்ணியமைத்தது, பல்லாண்டு உடம்போடு ஒட்டிய பழக்கம் பிரிக்கப்படுதலைக் காட்டும். திருநீறு இன்னும் இல்லை. வெறும் வெள்ளாடையொன்றே. அவ்வழியில் அவர் சமணருமல்லர், சைவருமல்லர்.

பின்னாளில் அரசன் ஏவலர்க்கு அஞ்சாது, எவர்க்கும் ஆட்பட்டவரல்லேம் என்று மறுமாற்றத் திருத்தாண்டகம் பாடியவர் இவரே. அவ்வீரத்தை எடுத்துக் கூறுவார் இவ்விரவின் அச்சத்தைக் கூறார். சேக்கிழார் இரண்டையும் மறையாது வைத்தார். தம் கூட்டத்தார் காண்பரோ என்று அஞ்சி ஒளிந்து செல்லுதல், அத்தகைய கூட்டம் எதையேனும் விட்டுப் போயினார் நன்கு அறிவது. அஃது இழுக்கன்று.

திருவதிகையில் திலகவதியார் இருந்த மடத்தை அடைந்து அவர் அடிகளில் வீழ்ந்தார். இளமையில் ஒருமுறை வீழ்ந்தவர் வாழ்வில் இரண்டாம் முறை அதே அடிகளில் வீழ்கின்றார். முன்பு தமக்கை சாகாதிருக்க, இப்போது தாம் உய்ய. பல்லாண்டுகளாகிய பிரிவைக் குறித்து அம்மையார் ஒரு சொல்லும் வினவினாரல்லர், பழித்தாரல்லர், சமணத்தின் பிழைகளை விரித்தாரல்லர். எழுந்திருக்கச் செய்தார், இது பெருமான் அருள் என்றார், ஐந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். பின்னர்த் தாம் நாடோறும் செல்லும் வைகறைப் பொழுதிலே திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியாரையும் உடன் கொண்டு சென்றார். தம்பி வந்ததன் பொருட்டு அன்றைப் பணி மாறவில்லை. அவரே அப்பணிக்குப் பின்னே சென்றார்.

இனி, முதற்பதிகத்திலே அறிஞரை நெடுங்காலம் மயக்கும் இடமொன்றுண்டு. அதிலே நாயனார், நீரும் மலரும் புகையும் கொண்டு வழிபடுதலையும், இசையோடு தமிழ் பாடுதலையும், இன்பத்திலும் துன்பத்திலும் இறைவனை நினைத்தலையும் தாம் மறந்ததே இல்லை என்கின்றார். பள்ளியில் பல்லாண்டு இருந்தவர் இவ்வாறு சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? முற்பிறப்பின் தவத்தைக் கருதிச் சொன்னார் என்பர் சிலர். பின்வரும் அடியார் ஓதுதற்பொருட்டு அவர் நிலையினின்று சொன்னார் என்பர் சிலர். இன்னொரு சாரார், இதனைக் காட்டி, பதிகத்திற்கும் புராணத்திற்கும் தொடர்பில்லை என்பர். அதே பதிகத்தில் மனைவாழ்க்கையைப் பற்றிய குறிப்பு வருதலும் இவர்க்குத் துணையாகும்.

இம்மயக்கத்தைத் தீர்த்தற்கு மற்றொரு பதிகத்தை உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். அதே திருவதிகை வீரட்டானத்தின் மீது நாயனார் பாடியதாக ஆறாந்திருமுறையில் ஏழைத் திருத்தாண்டகம் உளது. அதன் பாட்டுத்தோறும் ஏழையாகிய யான் முன்பு உன்னை இகழ்ந்தவாறு என்னே என்ற இரக்கமே முடிவாக வருகின்றது. ஒரே கோயிலில், ஒரே பெருமானை நோக்கி, ஓரிடத்தில் மறந்ததில்லை என்றும் ஓரிடத்தில் இகழ்ந்தேன் என்றும் சொல்கின்றார். இவை முரணாமோ? ஆகா. மறத்தல் வேறு, இகழ்தல் வேறு. மறந்துபோன ஒன்றை எவரும் இகழார். பள்ளியிலிருந்து நாடோறும் சைவத்தை மறுத்து வாதிட்ட ஒருவர், மறுக்குந்தோறும் அதனை நினைந்துகொண்டே இருந்தாரல்லரோ? திருவாமூரில் தமக்கை இட்ட நீறும், பிள்ளைமையிற் கேட்ட பாட்டும், நீரும் பூவும், அவர் எதிர்த்துப் பேசிய ஒவ்வொரு சொல்லின் அடியிலும் கிடந்தன. எனவே மறந்தறியேன் என்பது முற்பிறப்பைக் குறிப்பதென்று கொள்ள வேண்டுவதில்லை. இப்பிறப்பைக் குறித்தே, அதிலும் பள்ளியில் இருந்த ஆண்டுகளைக் குறித்தே, மெய்யாகும். இஃது எம் கருத்து. மாறுபடுவார் உளராயின் கேட்கச் சித்தமாயிருக்கின்றேம்.

அவ்வாண்டுகளைப் பற்றி நாயனார் பிறவிடங்களிற் பேசும் முறையும் இதற்குத் துணையாம். திருவாரூர்ப் பழமொழிப் பதிகத்தில், பாட்டுக்கு ஒன்றாகப் பழமொழிகளை முடிவில் வைத்துத் தம்மைத் தாமே நகையாடுகின்றார். பழுத்ததை விட்டுக் காயைக் கவர்ந்தது, விளக்கு அருகிருக்க மின்மினியிற் குளிர்காய்ந்தது, பாழூரிற் பிச்சைக்குப் போனது என்று நாட்டார் வழக்கிலுள்ளவற்றை அடுக்குகின்றார். சமணர் உண்ணும் முறையும் ஒழுகும் முறையும் இடையிடையே இகழ்ச்சியாக வரினும், அப்பாட்டுக்களின் முடிவிற் படும் அடி தம்மீதே. அநேகாந்தவாதத்தை மறுக்கும் வாதம் ஒன்றும் அங்கே இல்லை. அவ்வேலையை அவர் செய்யமாட்டாதவரல்லர். பள்ளியிலே வாதம் கற்றவர். பின்னாளில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் நிகண்டவாதியை மறுத்தது அளவை நூல் நெறியில். நாயனாரோ உழைத்து இளைத்தவர் பேசும் பேச்சையே பேசுகின்றார். பள்ளியில் அவர் உழைக்காதிருந்தால் இளைப்பு ஏது?

சித்தாந்த நூலார் இதனை எவ்வாறு கொள்வர் எனின், அருணந்தி சிவாசாரியரே சுபக்கத்தில், உயிர்கள் புறச்சமய நெறிகளில் நின்றும் பின் அகச்சமயம் புக்கும் படிமுறையால் ஏறிவரும் என்பர். அந்நெறியால் தருமசேனர் பள்ளியில் இருந்ததும் ஒரு படியே. அதற்கு இரங்குதல் வேண்டா. ஆயினும் நாயனார் இரங்குகின்றார். வாழ்நாள் முழுதும் இரங்குகின்றார். சாத்திரம் மேலிருந்து ஏணி முழுவதையும் காண்கின்றது. தோத்திரம் அதில் ஏறினவர் முழங்காலின் நோவைச் சொல்கின்றது. ஒன்றால் மற்றொன்றைத் திருத்தப் புகுதல் பிழை. உண்மை விளக்கம் செய்த மனவாசகங்கடந்தார் இத்திருவதிகையினர் என்பதை எண்ணும்போது, அவர் நாடோறும் வீரட்டானத்தில் கேட்டிருக்கக்கூடிய பதிகங்களும் மெய்கண்டாரிடம் கேட்ட உபதேசமும் அவருள்ளத்தில் எங்ஙனம் இயைந்தனவோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

சேக்கிழார் காலத்தையும் மறத்தலாகாது. நாயனார்க்கு ஏறக்குறைய 500 ஆண்டுகட்குப் பின், இரண்டாம் குலோத்துங்கனாகிய அநபாயன் காலத்தில், அம்மன்னன் சமண காவியமாகிய சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தமை கண்டு அவனைத் திருப்புதற்பொருட்டு அடியார் வரலாற்றைச் சேக்கிழார் பாடினாரென்று உமாபதி சிவனார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும். அங்ஙனமாயின், சமணத்தினின்று திரும்பினார் ஒருவரது கதை, சமண நூலினின்று திருப்பப்படவேண்டிய அரசன் கேட்கச் சொல்லப்பட்டது. சமணரை இழித்துரைக்கும் அடைமொழிகள் மலிந்தமைக்கு இது காரணமாகலாம். அவ்வடைமொழிகளை நீக்கிவிட்டுச் செய்திகளை மாத்திரம் நோக்கினாலும் மேலே யாம் காட்டியன நிற்கும். அதுவே புலவர் பெருமான் நேர்மைக்குச் சான்று.

பின் நிகழ்ந்தவற்றில் ஒன்றைக் கூறாது விடின் நேர்மையாகாது. அரசன் சைவனாகிப் பாடலியில் இருந்த பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொணர்ந்து திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான் என்று புராணம் கூறும். அவ்வரசன் குணபரன் என்னும் பட்டமுடைய முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டு, குணபரன் இலிங்கத்தால் மாற்றுநெறியினின்று திரும்பினமையைக் குறிப்பதாகக் காட்டுவர். அத்தொடர்க்கு வேறு பொருள் காண்பாரும் உளர். எவனாயினும், ஒருவர் தம் உள்ளத்தால் விட்டு நீங்கிய இடத்தை மற்றொருவன் படையால் இடித்தல் வேறு செயல். முன்னதில் எமக்கு எவ்வளவு உருக்கமோ, பின்னதில் அவ்வளவு கூச்சம். தமிழ்ச் சமணர் இன்றும் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்து வாழ்கின்றனர். நன்னூல் கற்றுத் தமிழ் எழுதுகின்ற நாம் பவணந்தி முனிவர்க்குக் கடமைப்பட்டுள்ளோம். திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற உ.வே. சாமிநாதையரவர்கள் சமணரிடம் பொருள் கேட்டுத் தெளிந்தே 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார்கள்.

நெய்வேலி முதியவரை மறுமுறை கண்டபோது இப்பகுதியை அவரோடிருந்து வாசித்தேம். திலகவதியார் பள்ளிக்கு வரேன் என்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்தது. யானும் அவன் வீட்டிற்குப் போவதில்லை என்றார். அம்மையார் தம்பி வந்த இரவில் ஒன்றும் வினவாமையைக் காட்டினேம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “சமைப்பவன் வந்தபோது அம்மையார் நந்தவனத்தில் இருந்தாரன்றோ? எங்கே தேடினால் காணலாம் என்பது தம்பிக்குத் தெரிந்திருந்தது,” என்றார். அது யாம் கருதாத பொருள்.

இறுதியாக ஒன்று. அவ்விரவில் தருமசேனர்க்குக் கைகொடுத்தார் என்று சேக்கிழார் குறிக்கும் அவர் யாவர்? எல்லாரும் கைவிட்டார் என்று சொல்லப்பட்ட பின் கைகொடுத்தார் என வருதலின், இச்சொல் வேண்டுமென்றே இடப்பட்டதாதல் வேண்டும். சமைப்பவன் ஒருவனோ எனின், பன்மையாற் கூறப்பட்டமை தடையாகும். பள்ளியிற் சிலர் அவர்மாட்டு இரங்கித் துணை நின்றனராயின், சமண வேடத்திலிருந்த அவர்கள் திருவதிகை எல்லை வரையிற் கொண்டுபோய் விட்டு, விடியுமுன் தம் பள்ளிக்கே திரும்பியிருத்தல் வேண்டும். அரசனிடம் முறையிட்ட நாளில் அவர்களும் அக்கூட்டத்தில் நின்றிருத்தல் வேண்டும். பழைய உரைகளையும் ஏட்டுக் குறிப்புக்களையும் ஆராய்ந்த அன்பர்கள் இதுபற்றித் தாம் அறிந்ததை இப்பத்திரிகைக்கு எழுதுவாராயின் பெரிதும் மகிழ்வேம்.

திருச்சிற்றம்பலம்